தாப்பா

மாம்பழ மண்டி பில்லின் பின்பக்கத்தில்
கணக்கைத் திரும்பவும் போடுகிறேன்.
மேக்னசைட் சுரங்கத்துப் பென்ஷன்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
சூரமங்கலம் வீட்டை வாடகைக்கு விட்டால் பதினோராயிரம்.
விட்டால்.
விற்கணும் என்கிறாள் அக்கா.
செங்கல்லைத் தொடக்கூடாது என்கிறான் அண்ணன்.

ஓசூரிலிருந்து அவன் பேசும்போது
போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம்.
"பெத்தவங்களை ஹோம்ல போட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்தா
என் பொண்ணைக் கட்ட எவன் வருவான்?"
அப்படியானால் நீ கூட்டிப்போ என்றாள் சாந்தாமணி அக்கா.
அவன் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
அவள் வீட்டில் படியே இல்லை, மாமியார் இருக்கிறார்.
எனக்கு ஏழு மணிக்கு ஜவ்வரிசி ஆலையில் இருக்க வேண்டும்.
அம்மாவின் இடது கை ஒன்றுக்கே
என் இரண்டு கையும் போதவில்லை.

கன்னங்குறிச்சி தாண்டி மலையடிவாரத்தில் ஒன்று பார்த்தேன்.
புல்தரை, ஃபிசியோதெரபி, வரவேற்பறையில் மீன்தொட்டி.
இருவருக்கு முப்பத்தெட்டாயிரம், முன்பணம் மூன்று லட்சம்.
மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏற்காட்டில் ஒன்று, விலை பரவாயில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ராத்திரி அப்பாவுக்கு மூச்சு முட்டினால்
ஆம்புலன்ஸ் எத்தனையாவது வளைவில் இருக்கும்
என்று எண்ணிக்கொண்டே பஸ்ஸில் இறங்கினேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் தலைக்கு எட்டாயிரம்.
சுத்தம். ரசம் குடித்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது.
"ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம்" என்றார் மேனேஜர்.
நடுவே துணி காயும் கொடி.
"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

எல்லோரும் கூடிய நாளில் இதைச் சொன்னேன்.
தட்டுவடை செட் வாங்கிவைத்திருந்தேன்,
சட்னி ஊறி வடை தொய்ந்துகொண்டிருந்தது.
பேச்சு வரும் என்றவன் விரல் விட்டு எண்ணினான்:
"எட்டும் எட்டும் பதினாறு. வீட்டை வாடகைக்கு விட்டுரலாம்.
ஆளுக்கு ஆயிரம் போட்டா முடிஞ்சுது."
"தனித்தனியா இருக்கணுமே" என்றேன்.
"எழுபத்தெட்டு வயசுல சேந்திருந்து என்ன பண்ணப்போறாங்க?"
அவனே சிரித்தான்.

கட்டிலில் இருந்து அம்மா ஏதோ சொன்னாள்.
பக்கவாதம் வந்ததிலிருந்து
சொல்லின் வால் மட்டும்தான் வெளியே வருகிறது.
"...ஆப்பா."
"அவங்க அப்பாவைக் கூப்பிடறாங்க" என்று அக்கா கண்ணைத் துடைத்தாள்.
"தாத்தா போய் முப்பது வருஷமாச்சு, பாவம்."

அப்பா காது மிஷினைக் கழற்றி வைத்திருந்தார்,
பேட்டரி மிச்சம் பிடிக்க.
அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"தாப்பா" என்றார்.
"அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கான்னு கேக்கறா."

இந்த வீட்டில் தாழ்ப்பாள்
பாத்ரூமுக்கு உண்டு, பீரோவுக்கு உண்டு.
இரண்டு அறையில் பதினோரு பேர்.
சித்தப்பாக்களுக்குக் கல்யாணம் ஆகி
அண்ணனுக்கும் ஆகி
கதவுள்ள அறை கைமாறிக்கொண்டே போனது.
அவர்கள் எப்போதும் கூடத்தில், ஆளுக்கொரு சுவரோரம்.
நாங்கள் மூன்று பேர் எப்படிப் பிறந்தோம் என்பது
எனக்குக் கடைசிவரை விடை வராத கணக்கு.

அண்ணன் தட்டுவடையை எடுத்தான், கடிக்கவில்லை.

மறுநாள் கருப்பூருக்குப் போன் போட்டேன்.
பாதிக் கட்டிடம்தான் முடிந்திருக்கிறது,
இருவர் அறை பத்தொன்பதாயிரம்.
கட்டணத்தைப் பற்றி எதுவும் பேசாமல் அதைக் கேட்டேன்.
அந்தம்மா ஒரு நிமிஷம் என்று எழுந்து போனார்.
செருப்புச் சத்தம். பிறகு இரும்பு உராயும் சத்தம்,
ஒருமுறை, இன்னொருமுறை.
"இருக்குங்க. கொஞ்சம் இறுகியிருக்கு."

ஐயாயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு குறைகிறது.
மூன்றால் வகுத்து இருவருக்கும் அனுப்பினேன்.
அக்கா ஒரு கைகூப்பு அனுப்பினாள்,
சரியா, ஆளை விடு என்பதா, தெரியவில்லை.
அண்ணனிடம் நீல டிக் விழுந்து நாலு மணி நேரம் ஆகிறது.

அப்பாவிடம் மட்டும் சத்தமாகச் சொன்னேன், இறுகியிருக்காம் என்று.
அலமாரிக்கடியில் குந்தியிருக்கிறார்,
தையல் மிஷின் எண்ணெயைத் தேடுகிறாராம்.